விருப்ப ஓய்வுக்கு இப்போது கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 53. திண்டுக்கல் மாவட்டத்தில் அரசு நில அளவையராக இருக்கிறேன். கொஞ்ச காலமாகவே புலப்படத்தைப் பார்த்தால் கோடுகள் ஒன்றோடொன்று குழம்புகின்றன. வரி விட்டு வரி படிக்கிறேன். டம்ளரை எடுக்கக் கை நீட்டினால் பக்கத்தில் போய் விழுகிறது. கண்ணாடியை இரண்டு முறை மாற்றியாயிற்று, கண்ணில் ஒன்றும் இல்லை என்றார்கள். கடைசியில் எம்.ஆர்.ஐ. எடுத்து, மூளையின் பின்பக்கம் சுருங்கியிருக்கிறது, இது அல்சைமரில் ஒரு வகை என்றார்கள். டாக்டர் அதை என் மனைவியிடம்தான் சொன்னார். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இப்போது வீட்டில் எல்லோரும் என்னைப் பற்றிப் பேசுகிறார்கள், என்னிடம் பேசுவதில்லை. விருப்ப ஓய்வு வாங்கிக்கொள், நிலத்துக்கு எனக்குப் பவர் எழுதிக் கொடு என்கிறார் தம்பி. பிளஸ் டூ படிக்கிற மகனுக்கு எதுவும் தெரியாது. பிள்ளைகளுக்கும் இது வருமா? எனக்கு இன்னும் எவ்வளவு காலம்? யாருக்கும் பாரமாக இருக்க விருப்பமில்லை. நான் சொல்லச் சொல்ல இதை மகள் டைப் செய்கிறாள். (நீண்ட கடிதம் இங்கே சுருக்கித் தரப்பட்டிருக்கிறது.)

பதில்:

அன்புள்ள ஐயா,

இந்தப் பதில் உங்களுக்கு. உங்கள் மனைவிக்கும் மகளுக்கும் சொல்ல வேண்டியது பின்னால் இருக்கிறது, ஆனால் முதலில் உங்களிடம்தான் பேச வேண்டும், ஏனென்றால் இந்த நோய் வந்திருப்பது உங்களுக்கு, அடுத்த சில மாதங்களில் எடுக்க வேண்டிய முடிவுகள் எல்லாம் உங்களுடையவை. அவற்றை எடுக்கிற தெளிவு உங்களிடம் இப்போது இருக்கிறது. உங்கள் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். எது எப்போது தொடங்கியது, எந்த டாக்டரிடம் போனீர்கள், யார் என்ன சொன்னார்கள், எதை நினைத்துப் பயப்படுகிறீர்கள் என்று வரிசையாக, ஒன்றுகூடப் பிசகாமல் சொல்லியிருக்கிறீர்கள். இப்படிச் சொல்ல முடிகிற ஒருவரை ஒதுக்கி வைத்துவிட்டு அவருடைய வேலையையும் நிலத்தையும் பற்றி மற்றவர்கள் பேசிக்கொண்டிருப்பது தவறு.

உங்களுக்கு வந்திருப்பதைப் போஸ்டீரியர் கார்டிகல் அட்ரோபி என்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு இதன் அடியில் இருப்பது அல்சைமர் நோய்தான், ஆனால் அது வழக்கம்போல நினைவாற்றலில் தொடங்காமல், கண் அனுப்புவதைச் சேர்த்துப் புரிந்துகொள்கிற பின்மூளையில் தொடங்குகிறது. உங்கள் தொழில் வழியாகவே சொல்கிறேன்: எல்லைக் கல் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது, அளவும் சரியாக எடுத்தாயிற்று, ஆனால் அந்த அளவுகளைச் சேர்த்துப் படம் போடுகிற இடத்தில் கோளாறு. அதனால்தான் கண் டாக்டர் எத்தனை முறை பார்த்தாலும் கண்ணில் குறை தெரியவில்லை. இது பெரும்பாலும் 50 வயதுக்கும் 65 வயதுக்கும் இடையில் வருகிறது. நினைவாற்றலும், தனக்கு என்ன நடக்கிறது என்கிற உணர்வும் ஆரம்பத்தில் பெரிதாகக் கெடுவதில்லை. அதில் ஒரு கொடுமையும் இருக்கிறது, என்ன இழக்கிறோம் என்று தெரிந்துகொண்டே இழக்க வேண்டியிருக்கிறது. ஆனால் அதே காரணத்தால்தான் உங்களால் இப்போது திட்டமிட முடிகிறது.

"இது கிழவர்களுக்கு வருகிற நோய்தானே" என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 1901இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் அலோய்ஸ் அல்சைமர் பார்த்த அந்த முதல் நோயாளி, ஆகஸ்தே டீட்டர் என்ற பெண்மணி, அப்போது அவருக்கு வயது 51. இந்த நோய்க்குப் பெயர் வந்ததே ஐம்பதுகளில் இருந்த ஒருவரால்தான்.

நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் பி12, தைராய்டு எல்லாம் பார்த்திருக்கிறார்கள், நல்லது. (இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு: இளம் வயதில் இப்படி ஏதாவது தெரிந்தால் பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது, குடி, சில மாத்திரைகள், தலையில் அடிபட்டு உறைந்த ரத்தம் என்று சரிசெய்யக்கூடிய காரணங்களை முதலில் பார்த்துவிட வேண்டும்.) ஆனால் உங்களுக்கு விரிவான நினைவு, மொழி, பார்வைப் பரிசோதனை இன்னும் செய்யவில்லை. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் நரம்பியல் துறை உங்களுக்குப் பக்கம். கொஞ்சம் பயணம் செய்ய முடிந்தால் வேலூர் சி.எம்.சி., பெங்களூரு நிம்ஹான்ஸ், சென்னையில் டிமென்ஷியா (நினைவும் சிந்தனையும் தேய்கிற நோய்) சேவை நடத்துகிற ஸ்கார்ஃப் ஆகியவற்றில் ஒன்றில் ஒருமுறை காட்டுங்கள். நோயை உறுதிப்படுத்த மட்டுமல்ல, உங்களால் இன்று என்னென்ன முடிகிறது என்று எழுத்தில் ஒரு பதிவு இருக்க வேண்டும். அது ஏன் முக்கியம் என்று இப்போது சொல்கிறேன்.

வேலைக்கு வருவோம், இதில் எனக்குக் கோபமே வருகிறது. என்னிடம் வருகிற அரசு ஊழியர்களில் பலர், நோயின் பெயரைக் கேட்ட அதிர்ச்சியில், அல்லது அலுவலகத்தில் யாரோ கொடுத்த யோசனையில், விருப்ப ஓய்வுக் கடிதத்தைக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பிரிவு 20(4) என்ன சொல்கிறது தெரியுமா? பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்ட ஊழியரை எந்த அரசு நிறுவனமும் வேலையை விட்டு அனுப்பக் கூடாது, பதவி இறக்கமும் செய்யக் கூடாது. பார்த்துக்கொண்டிருந்த வேலைக்கு அவர் பொருந்தவில்லை என்றால் அதே ஊதிய விகிதம், அதே பணிப் பயன்களோடு வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அப்படி ஒரு இடமே இல்லையென்றால், பொருத்தமான இடம் கிடைக்கும் வரையோ ஓய்வு வயது வரும் வரையோ கூடுதல் பணியிடம் ஒன்றில் வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் ஓய்வு வயது 60. உங்களுக்கு இன்னும் ஏழு வருடம் இருக்கிறது, மகன் இன்னும் கல்லூரிக்கே போகவில்லை. இந்த ஏழு வருடச் சம்பளத்தையும் சேவைக் காலத்தையும் ஒரு கையெழுத்தில் விட்டுக்கொடுக்கச் சொல்பவர் நல்ல எண்ணத்தில் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஆனால் களத்தில் அளக்கிற வேலையைத் தொடர முடியாது, அதையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். ஒருவருடைய எல்லைக் கோடு தப்பினால் இரண்டு குடும்பங்கள் பல வருடம் கோர்ட்டுக்கு அலையும் என்று உங்களுக்குத் தெரியாததல்ல. நீங்களே முந்திக்கொண்டு, மருத்துவச் சான்றோடு, அளவைப் பணியிலிருந்து மாற்றம் கேட்டு எழுதிக் கொடுங்கள். மனு விசாரணையில் ஆட்களிடம் பேசுவது, புதிதாக வந்தவர்களுக்குக் கள அனுபவத்தைச் சொல்லிக் கொடுப்பது போன்ற, பார்வையை அதிகம் நம்பாத வேலைகளைக் கேளுங்கள். கடிதத்துக்கு ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கூடவே ஊனச் சான்றிதழுக்கும் யு.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பியுங்கள், கலெக்டர் அலுவலகத்திலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வழி சொல்வார்கள். டிமென்ஷியாவை மனநோய்ப் பிரிவில் மதிப்பிடுவார்கள். கண் நன்றாக இருப்பதால் பார்வைக் குறைபாடு பிரிவில் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். "மனநோய்" என்ற சொல்லைப் பார்த்து மனம் ஒடிய வேண்டாம், அது படிவத்தில் இருக்கிற ஒரு தலைப்பு, அவ்வளவுதான். ஊனம் 40 சதவீதமும் அதற்கு மேலும் என்பது பல சலுகைகளுக்கு எல்லைக்கோடு. தனியார் வேலையில் இருப்பவர்களுக்குப் பிரிவு 20(4) பொருந்தாது. அவர்கள் ராஜினாமா கடிதம் எழுதும் முன் தொழிலாளர் சட்டம் தெரிந்த வக்கீல் ஒருவரைப் பார்ப்பது நல்லது.

அடுத்தது பவர். தம்பி கெட்டவர் என்று நான் சொல்லவில்லை, எனக்கு அவரைத் தெரியாது. ஆனால் பவர் பத்திரம் இந்த நோய்க்கு உதவாத ஒரு கருவி. எழுதிக் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால் அந்த அதிகாரம் முடிந்துவிடுகிறது, இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 201 அதைத்தான் சொல்கிறது. அதாவது எந்த நாளுக்காக எழுதுகிறீர்களோ அந்த நாளில் அது செல்லாது, ஆனால் அதற்கு முன்பு உங்கள் கண் முன்னாலேயே நிலத்தை விற்க அது போதும். அதற்குப் பதில் வேறு சிலவற்றைச் செய்யுங்கள். சம்பளம் வருகிற கணக்கில் மனைவியையும் சேர்த்து, இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கலாம் என்கிற முறைக்கு மாற்றுங்கள். பி.எஃப்., இன்ஷூரன்ஸ், வங்கி டெபாசிட், பணிப்பதிவேடு எல்லாவற்றிலும் நாமினி யார் என்று ஒருமுறை பாருங்கள், கல்யாணத்துக்கு முன்பு அம்மா பெயரைப் போட்டுவிட்டு மறந்துபோனவர்கள் ஏராளம். அப்புறம் உயில். நோய் இருக்கிறது என்பதாலேயே உயில் செல்லாமல் போகாது. எழுதும்போது என்ன செய்கிறோம் என்ற தெளிவு இருந்தால் சட்டத்துக்குப் போதும். இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் உங்கள் டாக்டராக இருந்தால் நல்லது, அன்றைய தேதியில் தெளிவாக இருந்தார் என்று அவரிடம் சான்றும் வாங்கிப் பதிவு செய்துவிடுங்கள். முன்னால் பரிசோதனைப் பதிவு வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். இவற்றைச் செய்யாமல் விட்டால், பிற்காலத்தில் உங்கள் பெயரில் மட்டும் இருப்பதைத் தொட உங்கள் மனைவி காப்பாளர் நியமனம் கேட்டு நீதிமன்றம் ஏற வேண்டியிருக்கும். அது ஒரு வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைகளுக்கே கஷ்டம், பிளஸ் டூ படிக்கிற பையனை வைத்துக்கொண்டு இருக்கிற ஒரு மனைவிக்கு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இன்னொரு வழியும் தருகிறது: பின்னாளில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று இப்போதே எழுதி வைக்கலாம், உங்கள் சார்பில் முடிவெடுக்கிற பிரதிநிதி யார் என்றும் நீங்களே குறிப்பிடலாம்.

பைக். இதில் பேரமே இல்லை, இன்றோடு நிறுத்துங்கள். தூரம் கணிப்பதும், பக்கத்தில் வருகிற வண்டியைக் கவனிப்பதும்தான் உங்கள் நோயில் முதலில் கெடுகிறவை. பழகிய ரோடுதானே என்று தோன்றும். ரோடு பழகியது, எதிரில் வருகிற வண்டியும் குறுக்கே ஓடுகிற குழந்தையும் பழகியவர்கள் இல்லை. சாவியை மனைவி ஒளித்து வைக்கும் நிலை வரக்கூடாது, நீங்களே மகளிடம் கொடுத்துவிடுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன, பெரும்பாலும் செலவில்லாதவை. உங்கள் மூளைக்கு இப்போது நிற வேறுபாடுதான் பெரிய துணை. பளபளக்கிற எவர்சில்வர் தட்டில் வெள்ளைச் சோறு உங்களுக்குச் சரியாகத் தெரியாது, தட்டில் பாதியைச் சாப்பிடாமல் எழுந்துவிடுவீர்கள், வீட்டில் பசி இல்லை என்று நினைப்பார்கள். வாழை இலையில் போட்டுப் பாருங்கள், பச்சையில் வெள்ளை எடுத்துக் காட்டும். இலை கிடைக்காத நாளில் அடர்நிறத் தட்டு. படிக்கட்டு ஒவ்வொன்றின் விளிம்பிலும் மஞ்சள் டேப் ஒட்டுங்கள். வாசலில் கறுப்பு மிதியடி பள்ளம் மாதிரி தெரியும், எடுத்துவிடுங்கள். பூப்போட்ட தரைவிரிப்பும் அப்படித்தான். வெள்ளை டைல்ஸ் போட்ட பாத்ரூமில் வெள்ளைக் கோப்பை கண்ணுக்கே தெரியாமல் போகலாம், நிறமுள்ள மூடி போடுங்கள், வாளியும் மக்கும் சிவப்போ நீலமோ இருக்கட்டும். சட்டைப் பொத்தான் மாறி மாறிப் போகிறது என்று எழுதியிருந்தீர்கள், வீட்டில் டி ஷர்ட் போதும். வேட்டி நழுவுகிறது என்றால் மூட்டிய கைலி. மேஜையில் ஒரு நேரத்தில் ஒரு பொருள் மட்டும் இருக்கட்டும், பத்துப் பொருள் நடுவில் கண்ணாடியைத் தேடுவது உங்களுக்கு இனி வேதனை. படிக்க முடியவில்லை என்றால் நாளிதழை மகளோ மகனோ வாசிக்கட்டும், இல்லையென்றால் போனே தமிழில் வாசித்துக் காட்டும். வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகவே பேசுங்கள்.

மாத்திரை. டொனெபெசில் ஆரம்பித்திருக்கிறார்கள், சரியான மருந்துதான். நோயை நிறுத்தாது, சிலருக்குச் சில காலம் கவனமும் தெளிவும் கொஞ்சம் தாக்குப்பிடிக்க உதவும். வயிற்றோட்டம், குமட்டல், மோசமான கனவு வரலாம். கனவு தொந்தரவு செய்தால் இரவு மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நாடித்துடிப்பு குறையவும் கூடும் என்பதால் தலைசுற்றல், மயக்கம் வந்தால் உடனே சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 2023இல் லெகனெமாப், 2024இல் டொனனெமாப் என்று இரண்டு புதிய மருந்துகளுக்கு அனுமதி கொடுத்தார்கள், உங்கள் மகள் அதைப் பற்றித்தான் கேட்டிருக்கிறாள். அவை ஆரம்ப நிலையில் சரிவின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கின்றன, போனதைத் திருப்பித் தருவதில்லை. மூளையில் வீக்கமும் ரத்தக்கசிவும் வரக்கூடும் என்பதால் திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், விலையும் மிக அதிகம். அதற்காக நிலத்தை விற்க நினைத்தால் நான் வேண்டாம் என்பேன். ஸ்டெம் செல் ஊசி போட்டுக் குணமாக்குகிறோம் என்று யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள், அல்சைமருக்கு அது நிரூபிக்கப்பட்ட சிகிச்சையே அல்ல.

பிள்ளைகளுக்கு வருமா? உங்கள் அப்பா எழுபது வயது வரை தெளிவாக இருந்தார், அம்மா இன்றும் கணக்கு வழக்கு பார்க்கிறார், கூடப் பிறந்தவர்கள் யாருக்கும் இல்லை. அப்படியென்றால் ஒரே மரபணுவால் தலைமுறை தலைமுறையாக வருகிற வகையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அந்த வகையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, உண்மைதான். ஆனால் அது அரிது, அடுத்தடுத்த தலைமுறையில் பலருக்கு இளம் வயதிலேயே வந்திருக்கும். உங்கள் வீட்டில் அந்தச் சரித்திரம் இல்லை. பிள்ளைகளுக்கு இப்போது எந்த ரத்தப் பரிசோதனையும் எடுக்காதீர்கள், விளம்பரம் பார்த்து மரபணுப் பரிசோதனைக்கு எச்சிலை அனுப்பிவிட்டு வருகிற காகிதத்தைப் பார்த்து ஒரு இருபது வயதுப் பெண் வாழ்நாள் முழுக்கப் பயந்துகொண்டிருக்க வேண்டாம்.

மகனிடம் சொல்லிவிடுங்கள். பரீட்சை முடியட்டும் என்று மனைவி நினைப்பது புரிகிறது. ஆனால் அப்பா பைக்கை விட்டுவிட்டார், டம்ளரைத் தட்டிவிடுகிறார், அம்மா அழுகிறாள், நான் வந்தால் பேச்சு நிற்கிறது என்பதை அவன் பார்த்துக்கொண்டுதான் இருப்பான். காரணம் தெரியாத பிள்ளை தானாகவே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்ளும், பெரும்பாலும் அது உண்மையைவிட மோசமாக இருக்கும். அப்பா குடிக்கிறாரோ என்றுகூட நினைக்கலாம். நீங்களே சொல்லுங்கள், வேறு யாரும் வேண்டாம். "கண் நல்லா இருக்குடா, கண் பார்க்கிறதை மூளை சேர்த்துக் காட்ட மாட்டேங்குது, அதுக்கு மருந்து சாப்பிடறேன், போகப் போக இன்னும் கஷ்டமாகும், உன் படிப்புக்கு ஏற்பாடு பண்ணி வச்சிருக்கேன்" என்ற அளவு முதல் நாளுக்குப் போதும். இதே வாக்கியத்தின் முதல் பாதியை அலுவலகத்திலும் தெருவிலும் சொல்லலாம். குடித்திருக்கிறார் என்ற பேச்சு அதோடு நிற்கும்.

எவ்வளவு காலம் என்று கேட்டீர்கள். அறிகுறி தொடங்கியதிலிருந்து சராசரியாகப் பத்து வருட அளவு என்று சொல்வார்கள், அதற்கு முன்பே முடிந்தவர்களும் உண்டு, அதையும் தாண்டி நெடுநாள் இருந்தவர்களும் உண்டு, உங்களுக்கு எது என்று இன்று எந்த ஸ்கேனும் சொல்லாது. பார்வைக் கோளாறு முதலில் கூடும், பிறகு நினைவு, பேச்சு என்று மற்றவை சேரும். முழுமையான துணை தேவைப்படுகிற காலம் வரும். ஆனால் அது நாளைக்கே வரப்போவதில்லை.

பாரமாக இருக்க விருப்பமில்லை என்ற வரியை நான் கடந்து போகப் போவதில்லை. உயிரை முடித்துக்கொள்ளலாம் என்கிற எண்ணம் வந்ததா? நேராகத்தான் கேட்கிறேன். இளம் வயதில், தன் நிலை தெரிந்தவர்களுக்கு, நோயின் பெயரைக் கேட்ட முதல் சில மாதங்களில் அந்த எண்ணம் வருவது எனக்குப் பழக்கமான விஷயம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வந்திருந்தால் இன்றே மனைவியிடமும் டாக்டரிடமும் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தூக்கம் போய், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அது மனச்சோர்வு, அதற்குத் தனியாகச் சிகிச்சை உண்டு, அது குறைந்தால் மூளையின் மற்ற வேலைகளும் கொஞ்சம் லேசாகும்.

அம்மா, இனி உங்களிடம். அடுத்த முறை டாக்டர் உங்களைப் பார்த்தே பேசினால், "அவர்கிட்ட சொல்லுங்க டாக்டர்" என்று நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்காருங்கள். ஏ.டி.எம். கார்டை எடுத்து ஒளித்து வைத்ததாக அவர் வருத்தப்பட்டிருக்கிறார். எண்களை அழுத்துவதில் தப்பு வருகிறது என்றால் கூடவே போங்கள், தினச் செலவுக்கு அவர் பையில் பணம் இருக்கட்டும். தினமும் ஒரு மணி நேரமாவது நீங்கள் வீட்டை விட்டு வெளியே போக வேண்டும், கோயிலோ தங்கை வீடோ எதுவானாலும் சரி, அந்த நேரத்துக்கு யார் இருப்பார்கள் என்று இப்போதே முறை போட்டுவிடுங்கள். தம்பி உண்மையிலேயே உதவ நினைத்தால் அவருக்கும் அதில் ஒரு நாள் கொடுக்கலாம்.

உங்கள் மகள் கடிதத்துக்குக் கீழே தன் பங்குக்கு ஒரு கேள்வி சேர்த்திருக்கிறாள்: வருஷா வருஷம் அப்பா தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போவார், இந்த முறை அம்மா வேண்டாம் என்கிறாள், அவரை அனுப்பலாமா என்று. அனுப்பலாம் அம்மா. தனியாக வேண்டாம், இரண்டு பேர் கூட நடக்கட்டும், ஒருவர் எப்போதும் அவருடைய வலது கைப் பக்கம், வண்டி போகிற பக்கமாக. பகலில் நடந்து இருட்டுவதற்குள் தங்கிவிடுங்கள், இரவு நடை அவருக்கு ஆகாது. கூட்டத்தில் தனியாகத் தெரிகிற நிறத்தில் ஒரு துண்டு, சட்டைப் பையில் பெயரும் உங்கள் போன் நம்பரும் எழுதிய அட்டை, மாத்திரை. மலை மேலே படி ஏறாமல் விஞ்ச்சில் போகட்டும், இறங்கும்போதும் அப்படியே. படி இறங்குவதுதான் அவருக்கு ஏறுவதைவிடக் கஷ்டம்.